கால் பவுன் தோடும் திருவிருந்தும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கோபி பக்கத்துக் கிராமம் ஒன்றில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர். வேலைக்காகத் திருப்பூர் வந்த பிறகு, உடன் தங்கியிருக்கும் பெண்களோடு ஒரு ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறார். அங்கே பாட்டும் ஜெபமும் அவருக்கு மிகுந்த ஆறுதலாக இருக்கின்றன. ஆனால் போன மாதம், அப்பமும் கிண்ணமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்தபோது மூத்த சகோதரி ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "காதுல தோட்டப் போட்டுக்கிட்டு எப்புடி அம்மிணி பந்திக்கு வருவே?" என்று கேட்டுவிட்டார். அந்தத் தோடு கால் பவுன். அம்மா கரும்புக்காட்டுக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிப் போட்டது. "கழற்றினால் அம்மா மனசு உடைந்துபோவார், கழற்றாவிட்டால் கர்த்தர் என்னை ஏற்கமாட்டாரா?" என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஒரு மாதமாக இதை மனதில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் காதில் இருக்கும் 2 கிராம் தங்கம் உங்களுக்கும் கர்த்தருக்கும் நடுவில் நிற்கவில்லை. அதைக் கழற்றுவதால் நீங்கள் அவருக்கு நெருக்கமாகிவிடுவதும் இல்லை, போட்டிருப்பதால் தூரமாகிவிடுவதும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதாகமம் கற்பித்தவன் என்ற முறையிலும், தாராபுரம் வட்டாரத்தில் உபதேசியாராக இருந்த ஒருவரின் மகன் என்ற முறையிலும் இதைச் சொல்கிறேன். ஆயினும் "கழற்ற வேண்டியதில்லை" என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்குப் பாதிப் பதில்தான் கிடைக்கும். உங்களை நிறுத்திய சகோதரியும் வேத வசனத்தை வைத்துத்தான் நிறுத்தினார், அந்த வசனங்கள் எதற்காக எழுதப்பட்டன என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

வெளித்தோற்றத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மேற்கோள் காட்டும் வசனம் 1 சாமுவேல் 16:7. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்." இது யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள். பெத்லகேமில் ஈசாயின் வீட்டில் மூத்தவன் எலியாப் வந்து நின்றவுடன், அவன் முகத்தையும் உயரத்தையும் பார்த்து "இவன்தான் அடுத்த ராஜா" என்று முடிவுகட்டியவர் சாமுவேல் தீர்க்கதரிசி. சிறுபிள்ளையாக இருந்தபோதே கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டவர். அப்படிப்பட்டவரே முகம் பார்த்து ஏமாந்தார் என்றால், உங்கள் கையைப் பிடித்த மூத்த சகோதரியின் மேல் நாம் கோபப்படக் கூடாது. ஏழு பிள்ளைகள் கடந்து போன பிறகு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பிள்ளை தாவீது அழைத்து வரப்படுகிறான். ஐந்து வசனங்களுக்கு முன்னால் தோற்றத்தைப் பார்க்காதே என்று சொன்ன அதே அதிகாரம், இப்போது அவன் சிவந்த மேனியும் அழகிய கண்களும் நல்ல ரூபமும் உடையவனாக இருந்தான் என்று மகிழ்ச்சியோடு சொல்கிறது. அழகு வேதத்தில் ஒரு குற்றமாக எங்கும் எண்ணப்படவில்லை. அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு ஒருவனை ஏற்பதும் ஒருவனைத் தள்ளுவதும்தான் தடுக்கப்படுகிறது.

இனி நகை பற்றிய வசனங்களுக்கு வருகிறேன். அவற்றில் முக்கியமானவை இரண்டு: 1 பேதுரு 3:3-4, 1 தீமோத்தேயு 2:9-10. பேதுரு, "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதலாகிய" புறம்பான அலங்கரிப்பு உங்கள் அலங்காரமாக இருக்க வேண்டாம், இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே உங்கள் அலங்காரமாக இருக்கட்டும் என்கிறார். இதில் "உயர்ந்த" என்ற சொல் நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பொருள் விளங்குவதற்காகச் சேர்த்தது. கிரேக்க மூலத்தில் "ஆடை உடுத்துதல்" என்று மட்டுமே இருக்கிறது. அந்த வசனத்தை ஒரு தடைப் பட்டியலாக எடுத்துக்கொண்டால் பொன்னோடு துணியையும் விட்டுவிட வேண்டியிருக்கும். அப்படி யாரும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. சடை பின்னுவதும் அதே வரியில்தான் இருக்கிறது. தோட்டைக் கழற்றச் சொல்லும் கூடங்களில் பெண்கள் தலையைப் பின்னிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பேதுரு எதைத் தடுத்தார், எதை நோக்கி நடத்தினார் என்பது அந்த வரியிலேயே தெளிவாக இருக்கிறது என்று காட்டவே சொல்கிறேன்.

பவுல் எழுதியது எபேசு பட்டணத்தில் இருந்த தீமோத்தேயுவுக்கு. அக்காலத்து ரோமச் செல்வச் சீமாட்டிகள் கூந்தலை அடுக்கடுக்காக உயர்த்திப் பின்னி, அந்தப் பின்னலுக்குள் பொன்னையும் முத்தையும் கோத்துக்கொண்டு வருவார்கள். லொல்லியா பவுலினா என்ற ரோமச் சீமாட்டி ஒரு சாதாரண விருந்துக்கே தலை, காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்தும் பூண்டு வந்ததைத் தாம் கண்டதாகவும், அவற்றின் மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் என்றும் முதலாம் நூற்றாண்டு எழுத்தாளர் பிளினி குறித்து வைத்திருக்கிறார். அன்றைய ரோமப் போர்வீரன் ஒருவனின் ஓராண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சிப்பாய் 44,000 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாலும் அந்த ஒரு மாலைப்பொழுதின் நகையை வாங்க முடியாது. அப்படிப்பட்ட உலகத்தில் அடிமைகளும் கூலிகளும் சீமாட்டிகளும் ஒரே வீட்டில் கூடி ஜெபித்த சபைக்குத்தான், முத்தும் பொன்னும் விலையேறப்பெற்ற வஸ்திரமும் வேண்டாம், நற்கிரியைகளினால் உங்களை அலங்கரியுங்கள் என்று எழுதப்பட்டது. கரும்புச் சோகையில் கை கிழித்துக்கொண்ட ஒரு தாய் மகளுக்கு வாங்கிப் போட்ட கால் பவுன் அந்தக் கடிதத்தின் பார்வையில் எங்கே வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதே பொன் வேதத்தில் பல இடங்களில் பலவிதமாக வருகிறது. ஈசாக்குக்குப் பெண் கேட்க வந்த ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்கு முதலில் கொடுத்தது பொன் காதணியும் கடகங்களும். யாத்திராகமம் 32-இல் ஜனங்கள் கழற்றிக் கொடுத்த பொன்னணிகள் விக்கிரகக் கன்றுக்குட்டியாயின. மூன்று அதிகாரம் தள்ளி அதே ஜனங்கள் கழற்றிக் கொடுத்தவை கர்த்தரை ஆராதிக்கும் ஆசரிப்புக் கூடாரமாயின. கழற்றுவது என்பதே பக்தி ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நகையைத் துறக்கும் வழக்கம் நம் பக்கத்துச் சபைகளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பின்னால் இருக்கும் நல்ல நோக்கத்தை அறியாமல் அதைத் தள்ளிவிடுவது நியாயமாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி, தம்மோடு இணைந்த குழுக்களுக்கு 1744-இல் கொடுத்த நெறிகளில், மோதிரம், காதணி, கழுத்தணி போன்ற தேவையற்ற அணிகளை அணிய வேண்டாம் என்று எழுதினார். வீணான ஆடம்பரத்தில் போகும் பணம் பசித்தவனுக்கும் உடையில்லாதவனுக்கும் சேர வேண்டியது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் பிரசங்கித்த காரியம். கரூரிலும் தாராபுரத்திலும் ஊழியம் செய்தது அந்த வெஸ்லியின் வழிவந்த மிஷன்தான். வெஸ்லியிடமிருந்து பரிசுத்த இயக்கங்களுக்கும், அவற்றிலிருந்து பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் இந்தப் பழக்கம் இறங்கியது. இறங்கும் வழியில் ஏழையைப் பற்றிய பாதி நழுவிப்போய், தங்கத்தைப் பற்றிய பாதி மட்டும் பல இடங்களில் நின்றுவிட்டது என்பது என் மனத்தாங்கல்.

அப்படியிருந்தும் அந்தப் பழக்கத்தின் நன்மையை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நம் கொங்குச் சீமையில் ஒரு கல்யாணம் என்றால் எத்தனை பவுன் போடுகிறார்கள் என்பதுதான் முதல் பேச்சு. சீர் செய்ய முடியாமல் காட்டை அடகு வைத்த குடும்பங்களை உங்களுக்கும் தெரியும். யாருமே பொன் அணியாத ஒரு கூடத்தில், பொன் இல்லாத பெண் கழுத்தை முந்தானையால் மூடிக்கொள்ள வேண்டியதில்லை. தாமாக மனமுவந்து கழற்றி, அந்தப் பணத்தில் பிள்ளையைப் படிக்கவைத்தவர்களும், கடனில்லாமல் மகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ரோமர் 14 முழுவதும் இதைப் பற்றித்தான்: புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணக் கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. தோட்டுக்கும் இதுவே பொருந்தும். துறவு தானாக வரும்போது அது காணிக்கை. பிறர்மேல் சுமத்தும்போது அதுவே ஒரு புதிய நகையாகிவிடுகிறது; கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையிலும் ஒருவர் தம்மை உயர்த்திக்கொள்ள முடியும். உபவாசம் இருக்கும்போது முகத்தை வாடவைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு என்று இயேசு மத்தேயு 6-இல் சொன்னது, எளிமையையே ஒரு காட்சியாக ஆக்கிவிடும் இந்த ஆபத்தை அவர் அறிந்திருந்ததால்தான்.

மத்தேயு 23-இல், பக்தியை வெளியே காட்டிக்கொண்ட பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினரை அவர் வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளுக்கு ஒப்பிட்டார். அந்தக் கல்லறைகளை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு முன்னால் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக நாம் கல்லறைத் தோட்டத்தில் நிற்பவர்கள்தாம். யூதர்களும் பஸ்காவுக்கு முந்தைய மாதத்தில் கல்லறைகளுக்கு வெள்ளையடித்தார்கள், ஆனால் காரணம் வேறு. பண்டிகைக்கு வரும் வெளியூர்ப் பயணி தெரியாமல் கல்லறையைத் தொட்டுத் தீட்டுப்படாமல் இருக்க, தூரத்திலிருந்தே தெரியும் எச்சரிக்கை அது. ஆக, அந்த வெண்மை "கிட்டே வராதே" என்று சொல்லும் வெண்மை. இயேசுவின் சொல் அந்தப் பரிசேயர்களுக்கு எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் என்பது இதை அறிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இங்கே என் சிறுவயதில் கண்ட ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் ஓட்டுவில்லைக் கோயிலுக்கு ஆயர் மாதம் ஒருமுறைதான் வருவார், அன்றுதான் திருவிருந்து. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம், மஞ்சள் வேகவைக்கும் பருவம். கொப்பரையில் கிழங்கு அள்ளிப்போட்டு இரவெல்லாம் வேலை செய்த அம்மா ஒருவர் நேரே ஆராதனைக்கு வந்திருந்தார். புளி போட்டுத் தேய்த்துக் கழுவியும் உள்ளங்கை மஞ்சள் போகவில்லை. நகக்கண்ணில் கருஞ்சிவப்பாகக் கறை படிந்திருந்தது. பீடத்தின் முன் மண்டியிட்டவர் இரு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். ஆயர் அப்பத் தட்டோடு அவர் முன்னே நின்றுகொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அந்தக் கைகள் வெளியே வந்தன. அப்பம் அந்த மஞ்சள் உள்ளங்கையில் வைக்கப்பட்டது. பிறகு கிண்ணம் வந்தது, எல்லாரும் குடிக்கும் ஒரே கிண்ணம். அந்த அம்மா குடித்ததும், அவருக்கு அடுத்து மண்டியிட்டிருந்தவர் கிண்ணத்தில் உதடு படாமல் தலையை மட்டும் குனிந்துவிட்டு எழுந்து போனார். அவர் கழுத்திலும் காதிலும் குன்றிமணிப் பொன் கிடையாது. எளிமைக்கு எங்கள் சபையில் பேர்போனவர். கறை ஒரு சாக்குதான், சாதிதான் காரணம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். என் அப்பா அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் அவர் ஆண்கள் பக்கத்தை விட்டு வந்து, அந்த அம்மாவுக்கு அடுத்து மண்டியிட்டு, அவருக்குப் பின் அந்தக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். அவர் உயிரோடிருந்தவரை அந்த இடத்தை மாற்றவில்லை.

யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பொன்மோதிரம் போட்டவனும் கந்தை கட்டியவனும் ஒரே நேரத்தில் ஆலயத்துக்கு வருகிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதலாமவனிடம் "ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்றும், இரண்டாமவனிடம் "நீ அங்கே நில்லு" என்றும் பேசவைக்கிறது. கிரேக்கத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான். 'நீர்', 'நீ' என்ற வேறுபாடு அந்த மொழியில் இல்லை. நம் மண்ணில் இந்தப் பாவம் எந்த உருவத்தில் வரும் என்பதை மொழிபெயர்த்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் "ங்க" சேர்த்துப் பேசும் மரியாதைக்குப் பேரெடுத்தது நம் கொங்குத் தமிழ். அந்த "ங்க" யாருக்குச் சேர்கிறது, நரைத்த தலையோடு நிற்கும் யாருக்குச் சேராமல் போகிறது என்பதில்தான் ஒரு சபையின் உண்மையான அலங்காரம் தெரியும் என்று நான் நம்புகிறேன். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, சந்தனம் பூசி, பின்னாளில் சேந்தமங்கலம், சேலம் வரை வந்து போதித்தார். உடையும் பூணூலும் விசுவாசத்துக்குத் தடையல்ல என்ற அவர் வாதத்தை ரோமாபுரியில் போப்பாண்டவர் 1623-இல் ஏற்றார். உடை பற்றி அவர் சொன்னது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் சாதிப் பிரிவையும் உடையைப் போல ஒரு வெளி வழக்கமாக மட்டும் எண்ணி விட்டுவைத்தது பெரும் பிழை. அதன் விலையை நம் சபைகள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

உங்களைப் பந்தியிலிருந்து நிறுத்தியபோது, "அபாத்திரமாய்ப் போஜனபானம் பண்ணுகிறவன்" என்ற 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்து வார்த்தை மனதில் இருந்திருக்கும். அது மெய்யாகவே பயப்பட வேண்டிய வார்த்தை. ஆனால் அதற்கு முன்னால் உள்ள வசனங்களை வாசித்தால், அந்தச் சபையில் நடந்த தவறு என்ன என்பது எழுதப்பட்டிருக்கிறது: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான், இல்லாதவர்கள் வெட்கப்படுத்தப்படுகிறார்கள். அபாத்திரம் என்று பவுல் கண்டித்தது இதை. நகை என்ற சொல் அந்தப் பகுதியில் எங்கும் இல்லை. ஏழையைப் பந்தியில் வெட்கப்படுத்தாதே என்று எழுதப்பட்ட வசனத்தை வைத்தே ஒரு கூலிக்காரத் தாயின் மகளைப் பந்தியில் வெட்கப்படுத்த நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இதற்காக வெளித்தோற்றம் எதுவுமே முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனிதனின் மானம் அதில் அடங்கியிருக்கும்போது அது மிகவும் முக்கியம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மறைத்து மேலாடை அணியக் கூடாது என்றிருந்த கொடுமையை எதிர்த்து, அங்கே முன்நின்றவர்களில் பலர் கிறிஸ்தவப் பெண்கள். சந்தையில் அவர்கள் துணி கிழிக்கப்பட்டது, ஜெபக்கூடங்கள் கொளுத்தப்பட்டன; 1859-இல்தான் அந்த உரிமையை அரசு அறிவித்தது. அவர்களோடு நின்ற அதே லண்டன் மிஷன்தான் 1830-இல் கோயம்புத்தூரில் ஊழியத்தைத் தொடங்கியது. "கர்த்தர் இருதயத்தைத்தானே பார்க்கிறார், துணி எதற்கு" என்று அந்தப் பெண்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநியாயமாக இருந்திருக்கும்! லூக்கா 15-இல், பன்றித் தொழுவத்திலிருந்து வந்த மகனுக்கு உயர்ந்த வஸ்திரத்தை உடுத்தி, கைக்கு மோதிரமும் காலுக்குப் பாதரட்சையும் போடச் சொல்கிறவர் தகப்பன். அந்த மோதிரம் ஆடம்பரத்துக்காகப் போடப்பட்டதில்லை. நீ என் பிள்ளை என்று எல்லார் முன்பாகவும் சொல்லும் அடையாளம் அது. உங்கள் அம்மா போட்ட தோட்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. அந்த மூத்த சகோதரியைத் தனியாகச் சந்தித்து, தோட்டின் கதையைச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் வாதாட வேண்டாம். கூடத்துப் போதகரிடம், 1 கொரிந்தியர் 11-ஐ 17-ஆம் வசனத்திலிருந்து சேர்ந்து வாசிக்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். அவர்கள் வழக்கம் மாறாது என்றால், ஆறுதல் தரும் அந்த ஜெபத்தை விட்டுவிட வேண்டியதில்லை. திருவிருந்தை மட்டும் ஊருக்குப் போகும்போது உங்கள் தாய்ச்சபையில் எடுத்துக்கொள்ளலாம். என்றாவது ஒருநாள் உங்களுக்கே தோட்டைக் கழற்றத் தோன்றினால், அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள். பயத்தினால் கழற்ற வேண்டாம். உங்கள் தொழிலில் ஒரு உருப்படி வந்தால் முதலில் புரட்டிப்போட்டு, உட்பக்கத்தில் ஓவர்லாக் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பார்ப்பீர்கள். முன்பக்கத்து அச்சு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் உள்தையல் பிரிந்திருந்தால் அதை ஒதுக்கிவிடுவீர்கள். கூலியில் பொய்க்கணக்கு எழுதியிருக்கிறேனா, உடன் தங்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது பார்த்தேனா, யார்மேலாவது கசப்பு வைத்திருக்கிறேனா என்று பந்திக்கு முன்னால் உங்களை நீங்களே அப்படிப் புரட்டிப் பாருங்கள். "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று பவுல் அங்கே சொல்வது அதைத்தான்.

இன்னொன்று. பொங்கலுக்கோ பள்ளி விடுமுறைக்கோ உங்கள் அம்மா திருப்பூர் வந்தால், கரும்புக்காட்டுச் சேலையோடே அந்தக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வாசலில் நிற்பவர்கள் அவரை "வாங்கம்மா" என்கிறார்களா, எந்த வரிசையில் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.